கொழும்பு வீட்டில் பூஞ்சணம்: சுவர் காய, மூச்சு சீராக ஒரு முழு வழிகாட்டி

பூஞ்சணம் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் புத்திமதி, "யன்னலைத் திறந்து விடுங்கள்" என்பதுதான். அது குளிர்நாட்டுக்காரருக்குப் பொருந்தும். அங்கே வெளிக்காற்றில் ஈரம் குறைவு. உள்ளே வந்து சூடானதும் வீட்டு ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். கொழும்பில் வெளியே நிற்பதே ஈரக்காற்று. ஜூன் மாதத்து விடியற்காலை 25 பாகை செல்சியஸ், 92 வீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாள் மத்தியானம் 31 பாகை, 67 வீதம். மத்தியானம் நன்றாகக் காய்ந்துவிட்டது போலத் தோன்றும். கணக்குப் போட்டால் இரண்டு நேரமும் காற்றில் உள்ள தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வெப்பம் ஏறியதால் வீதம் இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

ஆகவே மழைக்காலத்தில் காற்றைக் காயவைக்க முயல்வது பெரும்பாலும் வீண்வேலை. சுவரும் சாமானும் நனையாமலும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகாமலும், காற்றோட்டமில்லாமல் அடைந்து கிடக்காமலும் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. பூஞ்சண வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது. ஒரு மேற்பரப்பை ஒட்டிய ஈரப்பதன் நாட்கணக்கில் 80 வீதத்துக்கு மேல் நின்றால் அவை முளைக்கும். முழுதாக நனைந்த பொருள் என்றால் 24 முதல் 48 மணித்தியாலமே போதும்.

முதலில், அது பூஞ்சணம்தானா என்று பாருங்கள்

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணம் அல்ல. விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிர்ந்து, ஒரு துளி தண்ணீரில் கரைந்தால் அது உப்பு. சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மெதுமெதுவென்று அப்பிக்கொண்டு, தொட்டால் கறை இழுபட்டால் பூஞ்சணம். கறுப்புப் புள்ளிகள் அழுக்கா பூஞ்சணமா என்று சந்தேகம் வந்தால் பருத்திப் பஞ்சில் ஒரு சொட்டு ப்ளீச் தொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளிறினால் அநேகமாகப் பூஞ்சணம்தான்.

"கறுப்புப் பூஞ்சணம் விஷம்" என்று பயமுறுத்துகிறார்களே என்றால், நிறத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பிக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. எந்த வகையானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் பெயின்ட் வாளியைத் திறக்கவே வேண்டாம். வழிகள் மூன்று. கூரை, குழாய், வெடிப்பு வழியாக ஒழுகி வருவது ஒன்று. நிலத்திலிருந்து சுவருக்குள் ஏறுவது இன்னொன்று. மூன்றாவது, காற்றில் உள்ள ஈரமே சுவரில் படிவது.

கறை எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். மேல்மூலையில் மழைக்குப் பின் பெரிதாகும் மஞ்சள் வளையம் என்றால் கூரை அல்லது சிலாப். மழையே இல்லாத நாளிலும் கறை வளர்ந்தால் குழாய். அலுமாரிக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், திரைச்சீலை மறைவில் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தால் காற்று ஈரம்.

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாளில் ஒரு அடிச் சதுரம் வெட்டி, சந்தேகமான இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். உரிக்கும்போது தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரம் படிந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. இரு பக்கமும் காய்ந்திருந்தால் அந்த மூலையில் காற்று அடைந்து கிடப்பதே பிரச்சினை. அலுமாரியை நகர்த்துவதே பாதி வைத்தியம்.

குழாய்க் கசிவுக்கு இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு, தண்ணீர் மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். யாரும் தண்ணீர் திறக்காமல், டாங்கியும் நிரம்பிய நிலையில் காலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. டாங்கிக்குப் பிந்திய குழாய்களுக்கு மீற்றர் உதவாது. டாங்கிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு அதன் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வேறொரு தலைவலி: மேல்வீட்டு பாத்ரூம். உங்கள் சீலிங்கில் வரும் கறைக்கு அவர்களுடைய தரைதான் காரணமா என்று நிரூபிக்க, கேசரிக்குப் போடும் கலரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மேலே பாத்ரூம் தரையில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நாளில் அதே நிறம் கீழே இறங்கினால் பேச்சுக்கே இடமில்லை. "அக்கா, ஒருக்கா வந்து எங்கட சீலிங்கைப் பாருங்கோவன்" என்று கூட்டிவந்து காட்டுவது கடிதம் எழுதுவதைவிட வேகமாக வேலை செய்யும். பொதுக் குழாய், வெளிச்சுவர், மொட்டைமாடி என்றால் அது தொடர்மாடி நிர்வாகத்தின் பொறுப்பு. திகதியுடன் படம் எடுத்து எழுத்தில் கொடுங்கள்.

வரும் வழியை அடைத்தல்

இந்த வேலையெல்லாம் ஏப்ரல் மாதத்துக்குள் முடிய வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகு மேசன் பாஸைத் தேடினால் அவரும் கிடைக்கமாட்டார், சுவரும் காயாது.

பீலியில் கிடக்கும் இலை, சருகை அள்ளுங்கள். சிலாப் கூரை என்றால் ஒரு மழை விட்டு அரை மணித்தியாலம் கழித்து மேலே ஏறிப் பாருங்கள். எங்கெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அதைச் சோக்கால் வட்டமிட்டு வைத்தால் பாஸுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. தேங்கும் தண்ணீர் நுளம்புக்கும் தொட்டில், ஆகவே டெங்குக்கும் சேர்த்து ஒரே வேலை. அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட கூரையில் படிந்த பாசியைச் சுரண்டவோ, பிரஷ் போட்டுத் தேய்க்கவோ, தண்ணீர் பீச்சிக் கழுவவோ வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலுக்குப் பூஞ்சணத்தைவிடப் பல மடங்கு கேடு.

நிலத்து ஈரம் ஏறும் சுவருக்கு உள்பக்கம் ரப்பர் மாதிரி வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிப்பதுதான் எல்லாரும் செய்வது. தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் இன்னும் ஓரடி மேலே ஏறிப் புதிய இடத்தில் உரியும். வெளியே மண் சுவரை ஒட்டி உயர்ந்து கிடந்தால் அதைத் தாழ்த்துங்கள், தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்தோடச் செய்யுங்கள். உள்ளே பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும். அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் இலகுவில் முளைக்காது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலோரத் தொடர்மாடிகளில் இன்னொரு கதை. காற்றோடு வரும் உப்பு யன்னல், கிறில், சுவர் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் இரவுகளில் 75 என்பது சர்வசாதாரணம். சவர்க்காரத்தைவிட இங்கே முக்கியம், மாதம் இரண்டு தரம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை எடுப்பது.

நாமே உண்டாக்கும் ஈரம்

கேஸ் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் சற்றுக் கூடவே நீராவி. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது சுமார் 20 லீற்றர் தண்ணீர் உங்கள் குசினிக் காற்றில் கலந்திருக்கும். சோறு, பருப்பு, இடியப்பத்தின் ஆவி அதற்கு மேல். யன்னலைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும் கொதிக்கும் குசினிக் காற்றைவிட அது காய்ந்ததுதானே. எக்ஸோஸ்ட் ஃபேனை அடுப்புப் பற்றவைக்க முன்பே போட்டு, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள்.

குளித்த பிறகு பாத்ரூம் தரையையும் டைல் சுவரையும் வைப்பரால் இழுத்து விடுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் ஃபேன் அரை மணித்தியாலம் இழுக்க வேண்டிய தண்ணீரை நேரே கானுக்கு அனுப்பிவிடும். எக்ஸோஸ்ட் ஃபேன் ஓடும்போது கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி வேண்டும். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் வெளியே போகவும் காற்று இராது.

உடுப்பு காயப்போடுவதில்தான் மழைக்காலத்து வீடுகள் தோற்கின்றன. மெஷினில் நன்றாகப் பிழிந்தாலும் 5 கிலோ உடுப்பில் இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர் மிஞ்சும். அதைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயவைத்தால் அத்தனையும் மெத்தைக்கும் அலுமாரிக்கும்தான். பல்கனி இல்லாவிட்டால் ஒரே ஒரு அறையை ஒதுக்கி, அதன் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு விடுங்கள்.

உள்ளே என்ன நிலை என்று தெரிந்துகொள்ள ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானி வாங்கி வைப்பது நல்லது. அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பை எடுத்துச் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஸிப் பையில் பூட்டி ஒரு இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டி வாசியுங்கள். 60 வீதத்துக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். ஏசி இல்லாத கொழும்பு வீட்டில் ஜூலை மாதம் அது நடக்கிற காரியமில்லை. 60 காட்டவில்லை என்று கவலைப்படாமல் 80ஐத் தாண்டி நெடுநேரம் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏசி: மருந்தும் அதுதான், நோயும் அதுதான்

ஏசி காற்றிலிருந்து தண்ணீரை எடுக்கிறது. பின்பக்கக் குழாயில் சொட்டுவது அதுதான். ஆனால் 18இல் வைத்து அறையைக் குளிரடித்தால் அந்த அறையின் சுவரும் குளிரும். சுவரின் மறுபக்கம் ஸ்டோர் ரூமாகவோ ஏசி இல்லாத அறையாகவோ இருந்தால், அங்குள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படும். தண்ணீர் சொட்டாவிட்டாலும் சுவரை ஒட்டிய ஈரப்பதன் 85, 90 வீதத்துக்குப் போய்விடும். மறுபக்கத்தில் அலுமாரியைச் சாத்தி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். "ஏசி போடாத அறையில் ஏன் பூஞ்சணம்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் பக்கத்து அறை ஏசிதான்.

26இல் வைத்து ஃபேனும் போடுங்கள். சிறிய அறைக்குப் பெரிய ஏசி வாங்காதீர்கள். அது சட்டென்று குளிரடித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். போட்டவுடன் புளித்த வாடை வந்தால் உள்ளே கொயிலிலோ தண்ணீர்த் தட்டிலோ பூஞ்சணம் இருக்கிறது. வாசனை ஸ்ப்ரே அடிக்காமல் சர்விஸ்காரரைக் கூப்பிட்டுக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா? பூட்டிய அறைக்கு என்றால் நல்லதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 80 வீதத்திலிருந்து 60க்கு இறக்க எடுக்க வேண்டிய தண்ணீர் ஒரு கிளாஸ் அளவே. ஆனால் யன்னல் திறந்திருந்தால் அந்தக் கிளாஸ் திரும்பத் திரும்ப நிரம்பிக்கொண்டே இருக்கும். மின்சாரப் பில்தான் ஏறும்.

அலுமாரியும் பட்டுச்சேலையும்

அலுமாரியை வெளிச்சுவரில் வைக்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் மூன்று அங்குலம் தள்ளி, கீழே கட்டை வைத்து உயர்த்துங்கள். மெலமைன் பலகையின் வெட்டிய விளிம்பு தண்ணீர் குடித்தால் ஊதிப் போகும், அதற்குப் பின் சரிசெய்ய முடியாது. பூச்சி உருண்டையும் கற்பூரமும் பூச்சியைத்தான் துரத்தும், ஈரத்தை உறிஞ்சாது.

பட்டுச்சேலையைப் பொலித்தீனில் சுற்றாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து மடிப்பை மாற்றி நிழலில் காற்றாட விடுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள், கமெரா போன்றவற்றுக்கு நேர்மாறாக, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும்தான் சரி. தோல் சப்பாத்தைப் போட்டுவிட்டு வந்த அன்றே உள்ளே தள்ளாதீர்கள்.

வந்துவிட்ட பூஞ்சணத்தைத் துடைப்பது

மூன்றடிக்கு மூன்றடிக்குள் அடங்கினால் நீங்களே செய்யலாம். தொய்வு, முட்டு வருத்தம் உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் செய்யக்கூடாது. பிள்ளைகளையும் அந்த நேரம் அறைக்குள் விடாதீர்கள். என்95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அறைக்கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், போட்டால் வித்து வீடு முழுக்கப் பறக்கும். காய்ந்தபடி தும்புத்தடியால் தட்டுவதும் அப்படித்தான். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிரஷால் தேய்த்து, வேறு துணியால் ஒற்றி எடுங்கள். துணிகளைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு ஃபேனைப் போட்டுக் காயவையுங்கள்.

ப்ளீச் டைலுக்கும் கண்ணாடிக்கும் சரி. பூசிய சுவரில் அடித்தால் மேலே வெளுக்கும், தண்ணீர் உள்ளே இறங்கி மீந்த வேருக்குச் சாப்பாடாகும். ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அசிட், வினாகிரி, அமோனியா எதையும் கலக்கவே கூடாது; கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். மெத்தை, தலகணி, கார்ட்போர்ட் ஆழமாகப் பூத்திருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எறியுங்கள்.

பெயின்ட் அடிக்க எது நல்ல காலம்?

தீபாவளிக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். ஆனால் ஒக்டோபர், நவம்பர் கொழும்பில் அடைமழைக் காலம். சுவர் உள்ளே நனைந்திருக்கும்போது மேலே பெயின்டைப் பூசி அதைப் பூட்டிவிடுகிறோம். அடுத்த சித்திரைக்குள் கொப்புளம் போடும். தைப்பொங்கல் கழிந்து மார்ச் வரை காய்ந்த காலம். சுவரைச் சுரண்டி, இரண்டு மூன்று கிழமை சும்மா விட்டு, அலுமினியத் தாள் சோதனை செய்து, அப்புறம் அடியுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடும் புதிதாக இருக்கும். பழைய கறைக்கு மேல் நேரே அடிப்பது காசை மழையில் போடுவது.

மூச்சுக்குள் போகிற காற்று

பூஞ்சணம் மட்டும் காற்றைக் கெடுப்பதில்லை. நுளம்புச்சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமமான நுண்துகள் வரும் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூட்டிய அறையில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அதை வைக்கிறோம். யன்னலுக்கு வலை அடிப்பது ஒரு முறைச் செலவு. காற்றும் வரும், டெங்கு நுளம்பும் வராது. சாம்பிராணி போடுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன், என் வீட்டிலேயே நடக்காது. புகை போட்டுவிட்டு யன்னலைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். செத்தல் மிளகாய் தாளிப்புக்கும் அதே சட்டம்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குக் காற்று சுவரைக் காயவைக்கும், ஆனால் சில நாட்களில் இந்தியப் பக்கத்துத் தூசியையும் கொண்டுவரும். 2022 டிசம்பரில் கொழும்பு வானமே மங்கி, பாடசாலைகளை மூட வேண்டி வந்தது நினைவிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வைத்த வரம்பு, பி.எம். 2.5 எனும் நுண்துகள் ஒரு நாள் சராசரியாகக் கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். ஃபோனில் காற்றுத்தரத்தைப் பார்த்து, புகைமூட்டம் உள்ள நாளில் யன்னலைச் சாத்துங்கள், தெளிந்த நாளில் வீட்டையே திறந்து போடுங்கள்.

ஹெப்பா ஃபில்டர் உள்ள சுத்திகரிப்பான் துகளையும் பூஞ்சண வித்துகளையும் பிடிக்கும், சுவரைக் காயவைக்காது. ஓசோன் விடுகிற மெஷின் வேண்டவே வேண்டாம். பூச்சாடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை 1989 இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்விலிருந்து பரவியது. சாதாரண அறையில் அதன் பலன் கணக்கில் எடுக்கத்தக்கதல்ல. ஊற்றும் தண்ணீர் ஈரத்தைத்தான் கூட்டும். அழகுக்கு வையுங்கள், தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிக்கும் ஈரம் பிடிக்கும். விடியற்காலைத் தும்மலுக்குப் பூஞ்சணத்தைவிட அதுவே அடிக்கடி காரணம். படுக்கைவிரிப்பைக் கிழமைக்கொரு தரம் சுடுதண்ணீரில் தோயுங்கள்; வெயில் கண்டால் மெத்தையை வெளியே போடுங்கள். வீட்டை விட்டு வெளியூர் போனால் இருமல் குறைந்து, திரும்பி வந்ததும் கூடினால் வைத்தியரிடம் அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

வெள்ளம் புகுந்த வீடு

களனி கங்கை பெருகி 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டியில் வீடுகள் மூழ்கியது போல நேர்ந்தால் முதலில் மின்சாரம்: மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் மின்னியலாளர் பார்க்கும் வரை தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றை அள்ளுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். நனைந்த மெத்தையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சுவர் உள்ளே காய மாதக்கணக்காகும், அதுவரை பெயின்ட் கூடாது.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். குசினி சிங்குக்குக் கீழே உள்ள கதவையும், சுவரோடு சேர்ந்த அலுமாரியையும் திறந்து மணந்து பாருங்கள். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுக்க முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்து, சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். வெளியேறும் நாளில் யார் சுவரைக் கெடுத்தது என்ற வாக்குவாதம் வராது.